எல்லாப் பாடசாலைகளுக்கும் உரியவர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் கழிந்ததும் காரைதீவுச் சந்தி வரும். அங்கே ஒரு துறவியின் சிலை நிற்கிறது. பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ் யன்னல் வழியாக அந்தச் சிலையைச் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். அவர் சுவாமி விபுலாநந்தர் என்பதும், யாழ் நூல் எழுதியவர் என்பதும் எனக்குத் தெரியும். பரீட்சையில் நான்கு வரி எழுத அது போதுமாக இருந்தது. அதற்கு மேல் அறிந்துகொள்ள நான் முயன்றதில்லை.

இவ்வருடம் முயல வேண்டி வந்தது. அயலிலுள்ள மூன்று பாடசாலைகளின் தமிழ் மன்றங்கள் சேர்ந்து, எங்கள் கரையோரம் தந்த இக்கவிஞரைப் பற்றி மாணவர்கள் கைத்தொலைபேசியிலும் படிக்கக்கூடிய ஒரு தொகுப்பைத் தயாரிக்கத் தொடங்கின. ஒரு பாடசாலை பழைய மலர்களையும் படங்களையும் ஸ்கேன் செய்ய ஏற்றுக்கொண்டது. இன்னொரு பாடசாலை முதியவர்களின் நினைவுகளைக் குரற்பதிவாக்க முன்வந்தது. ஒன்பதாந்தர மாணவி ஒருத்திக்கும் விளங்கும் மொழியில் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு எங்களுக்குக் கிடைத்தது.

இரவில் நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்த வாப்பா, எங்கள் சமூகத்தில் எத்தனையோ புலவர்கள் இருக்க, நம் பெண்பிள்ளைகள் ஏன் ஒரு சாமியாரைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. அவரது வாழ்க்கையை முழுவதும் படித்த பின்னரே அது கிடைத்தது. அதனால் அந்த வாழ்க்கையையே இங்கு சொல்கிறேன்.

1892 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27 ஆம் திகதி, காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மையார் தம்பதியருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மயில்வாகனன் என்று பெயரிட்டார்கள். அக்காலத்தில் அம்பாறை மாவட்டம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. இந்தக் கரையோரம் முழுவதும் மட்டக்களப்பைச் சேர்ந்ததாகவே இருந்தது. இலவசக் கல்வியும் வந்திருக்கவில்லை. அது 1945 இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு கிராமத்துப் பிள்ளை ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் கிறிஸ்தவ மிஷன்கள் நடத்திய பாடசாலையைத் தேடிப் போக வேண்டும்.

மயில்வாகனன் தொடக்கக் கல்வியை ஊரிலே கற்றபின் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் சேர்ந்தார். காரைதீவிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பாதை அன்றும் மாளிகைக்காட்டையும் சாய்ந்தமருதையும் ஊடறுத்தே சென்றது. சைவக் குடும்பத்தில் பிறந்த ஒரு சிறுவன், முஸ்லிம் ஊர்களைக் கடந்து, மெதடிஸ்தர்களின் வகுப்பறையில் போய் அமர்ந்திருக்கிறான். இன்று நாங்கள் பஸ்ஸில் போகும் தெரு அவனும் போய்வந்த வழிதான் என்பதை முதன்முதலாக எண்ணிப் பார்த்தபோது, சந்தியில் நிற்கும் சிலை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

பின்னர் மட்டக்களப்பு நகருக்குச் சென்று, கத்தோலிக்கப் பாதிரிமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றார். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவருக்கிருந்த ஆர்வம் அங்கேதான் ஆழமாக வேரூன்றியது. 1908 இல், பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். அதன்பின் கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்று, தாம் படித்த மிக்கேல் கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அவர் அத்துடன் நின்றிருந்தால் ஒரு நல்ல ஆசிரியராக ஊரார் நினைவில் மட்டும் இருந்திருப்பார். ஆனால் அவருக்குக் கற்றது போதவில்லை. மீண்டும் கொழும்புக்குச் சென்று தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். அதே காலத்தில் தென்கோவைப் பண்டிதர் கந்தையாபிள்ளை போன்றோரிடம் பழந்தமிழ் இலக்கியங்களைப் பாடங் கேட்டார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவா, கலைப் பிரிவா என்று தெரிவு செய்யும்போது ஒன்றை எடுத்தால் மற்றதை மறந்துவிட வேண்டும் என்பது போலவே நாங்கள் நடந்துகொள்கிறோம். மயில்வாகனனார் ஒரு கையில் இரசாயனவியலையும் மறு கையில் தொல்காப்பியத்தையும் வைத்துக்கொண்டு படித்தார்.

1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இதுவும் கத்தோலிக்கக் கல்லூரிதான். அங்கே கற்பித்துக்கொண்டே படித்து, 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் வந்து சேர்ந்தது. இருபத்தெட்டு வயதில் பட்டம், பதவி, நல்ல சம்பளம், ஊரில் மதிப்பு என்று பெற்றோர் தம் பிள்ளைக்கு வேண்டிக்கொள்ளும் எல்லாமே அவரிடம் இருந்தன.

அவற்றை அவர் விட்டுவிட்டார். இராமகிருஷ்ண மிஷன் துறவிகளுடன் ஏற்பட்ட தொடர்பு அவர் மனத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தது. 1922 இல் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் பிரபோத சைதன்யர் என்ற பெயர் பெற்றார். மடத்தின் தமிழ்ச் சஞ்சிகையான இராமகிருஷ்ண விஜயத்துக்கும் ஆங்கிலச் சஞ்சிகையான வேதாந்த கேசரிக்கும் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

துறவு என்றால் உலகத்தை விட்டுக் காட்டுக்குப் போவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இவரோ துறவு பூண்ட பின்னர்தான் பாடசாலைகளுக்குள் முழுமையாக வந்தார். 1925 இல் இலங்கை திரும்பி, மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்புக் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இருந்த பாடசாலைகளைக் கவனிக்க அவர் ஓடியோடி உழைத்தார். யாழ்ப்பாணம் வைத்தீஸ்வர வித்தியாலயமும் திருகோணமலை இந்துக் கல்லூரியும் மிஷனின் பராமரிப்பில் வளர்ந்தவை. அவர் பிறந்த காரைதீவில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையும் மிஷனின் பெயரில் வளர்ந்தது. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பவே பல குடும்பங்கள் தயங்கிய காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

1929 இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். தம் பெயரை அதற்கு வைக்காமல் தமக்குத் துறவு தந்த குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் என்று பெயரிட்டார். இளமையில் ஆங்கிலக் கல்விக்காகப் பிறர் நடத்திய பாடசாலைகளின் வாசலுக்குச் சென்ற ஒருவர், தமக்குப் பின்வரும் பிள்ளைகளுக்காக இன்னொரு வாசலைத் திறந்து வைத்தார் என்று இதனை விளங்கிக்கொள்கிறேன்.

கல்லடிப் பாலத்துக்குக் கீழே, நிலாக் காலத்து இரவுகளில் மட்டக்களப்பு வாவியிலிருந்து மெல்லிய ஓசை எழும் என்று சொல்வார்கள். பாடும் மீன்கள் என்று மட்டக்களப்பாருக்குப் பெருமை தரும் ஓசை அது. விபுலாநந்தர் அதை வெறும் கதையாக விட்டுவிடவில்லை. வாவியில் எழும் சுரங்களைக் காது கொடுத்துக் கேட்டவர், நீருக்குள் இருந்து பாடும் பெண்களாக அவற்றைக் கற்பனை செய்து நீரரமகளிர் இன்னிசைப் பாடல் என்ற கவிதையைப் பாடினார். அந்த ஓசை பிற்காலத்தில் அவரது மிகப் பெரிய ஆராய்ச்சியிலும் இடம்பெற்றது.

1931 இல் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் எங்கள் காரைதீவுக்காரர் என்பதை இங்கு எத்தனை பேர் அறிவர்? பாரதியார் இறந்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பழைய இலக்கியங்களில் ஊறிய பண்டிதர்கள் பலர் பாரதியைப் பெரிய கவியாக ஏற்கத் தயங்கினர். விபுலாநந்தரும் ஒரு பண்டிதர்தான். ஆயினும் பல்கலைக்கழகத்தில் பாரதி பாடல்களைக் கற்கவும் பாடவும் மாணவரிடையே ஒரு கழகத்தை ஏற்படுத்தினார். பாமர மக்களின் மொழியில் பாடிய கவிஞனுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டார். மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்துக்குச் சென்று, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பேராசிரியருக்குரிய அறையிலும் அந்தக் குடியிருப்பிலும் அவருக்குத் தமிழ் ஒன்றாகவே இருந்தது.

ஆங்கில இலக்கியத்தையும் அவர் ஒதுக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து, அவற்றின் அமைப்பைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டும் மதங்க சூளாமணி என்ற நூலை எழுதினார். 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக அது வெளிவந்தது. 1936 இல் விஞ்ஞானத்துக்குரிய கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்காகச் சென்னையில் கூடிய மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். இன்று நாங்கள் பௌதிகவியலையும் உயிரியலையும் தாய்மொழியில் கற்கிறோம். இது தானாக நிகழ்ந்ததன்று. ஒவ்வொரு சொல்லாகத் தேடி, தராசில் நிறுப்பது போல் நிறுத்து, பொருத்தமானதைத் தெரிந்தெடுத்த அறிஞர் குழுக்களின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. விஞ்ஞானமும் தமிழும் கற்ற ஒருவரால்தான் அத்தகைய பணிக்குத் தலைமை தாங்க முடிந்தது.

பின்னர் இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் என்ற ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். அவ்வளவு தொலைவில் இருந்தபோதும் நண்பர்களை மறக்கவில்லை. கந்தசாமி என்ற தமிழறிஞரான நண்பர் இறந்த துயரத்தை, கங்கையில் விடுத்த ஓலை என்ற கவிதையாக வடித்தார். பற்றுகளைத் துறந்த துறவிக்கும் நட்பின் பிரிவு வலிக்கத்தான் செய்யும் என்பதை இக்கவிதையைப் படித்தபோது உணர்ந்தேன்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டு அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்தர் பொறுப்பேற்றார். இக்காலத்தில் அங்கு தமிழ் கற்க வந்த மாணவர்களுள் ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அவர்கள். முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டை ஆராய்வதற்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர் அவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக இருந்து, இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக வெளிக்கொணர்வதிலும் பங்காற்றினார். நாங்கள் இன்று சீறாப்புராணத்தைப் பற்றியும் நம் புலவர்களைப் பற்றியும் பெருமையோடு பேசுகிறோம். அந்தப் பெருமையை நமக்குத் தேடித் தந்த பேராசிரியர் தமிழ் கற்ற துறைக்கு முதலில் விளக்கேற்றியவர் விபுலாநந்தரே.

இத்தனை பணிகளுக்கிடையே ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் அவர் தொடர்ந்து ஆராய்ந்த விடயம் ஒன்று உண்டு. அதுதான் யாழ். சங்கப் பாடல்களிலும் சிலப்பதிகாரத்திலும் யாழின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதைக் கையில் எடுத்து மீட்டிய பரம்பரை அழிந்துவிட்டது. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. கருவியும் இல்லை, அதன் இசையைக் கேட்ட ஒருவரும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ள சில அடிகளையும் பழைய உரைகளையும் வைத்துக்கொண்டு, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணித முறைப்படி கணக்கிட்டு, இழந்துபோன இசையை அவர் மீட்டெடுக்க முயன்றார். மிக்கேல் கல்லூரியில் தொடங்கிய கணித ஆர்வமும், இலண்டன் பட்டத்துக்காகப் படித்த விஞ்ஞானமும், பண்டிதரிடம் பாடங் கேட்ட இலக்கியமும், கல்லடியில் கேட்ட வாவியின் ஓசையும் இந்த ஒரு நூலில் வந்து சேர்ந்தன. ஏழு இயல்களைக் கொண்ட அந்நூலுக்கு யாழ் நூல் என்று பெயரிட்டார்.

1947 ஜூன் மாதம் 5, 6 ஆம் திகதிகளில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. அவர் விளக்கிய முறைப்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே சபையில் மீட்டப்பட்டன. பல நூற்றாண்டுகளாகக் கேளாதிருந்த ஓசையை மக்கள் கேட்டார்கள். அப்போது அவரது உடல் மிகவும் தளர்ந்திருந்தது. ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19 ஆம் திகதி, கொழும்பில் அவர் காலமானார். வயது ஐம்பத்தைந்து. அவர் கட்டியெழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்டு, அது செடியில் பூப்பதன்று, மனிதனின் உள்ளமும் கூப்பிய கையும் இறைவனை நாடும் கண்ணுமே என்று விடை சொல்லும் அவரது கவிதை அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வணக்க முறை வேறு. ஆயினும் அமல்கள் எல்லாம் நிய்யத்தைப் பொறுத்தவை என்று மதரசாவில் கற்ற எனக்கு, உள்ளத்தை முதலில் வைத்த அக்கவிதையை விளங்கிக்கொள்வது கடினமாக இருக்கவில்லை.

இனி எங்கள் தொகுப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மூன்று பாடசாலைகளின் கோப்புகளையும் முதன்முதலாக ஒரே கணினியில் திறந்தபோது ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. ஒரு பாடசாலை பாமினி எழுத்துருவிலும் நாங்கள் யுனிகோட்டிலும் தட்டச்சுச் செய்திருந்தோம். எல்லோரும் தமிழில்தான் எழுதியிருந்தோம். ஆனால் திரையில் தெரிந்ததோ பொருளற்ற குறிகள். எழுத்துருவை மாற்றியதும் அதே வரிகள் அழகாக விரிந்தன. ஸ்கேன் செய்த பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றியபோது ளகரம் னகரமாகியும், காற்புள்ளிகள் காணாமற் போயும் இருந்தன. ஒரு பாடசாலை திருத்தியதை மற்றப் பாடசாலை மீண்டும் வாசித்துப் பார்த்தது. கணினி தெரிந்தவர்களுக்குத் தமிழ் தெரிந்தவர்களும், தமிழ் தெரிந்தவர்களுக்குக் கணினி தெரிந்தவர்களும் தேவைப்பட்டார்கள். சுவாமி இருந்திருந்தால் இரண்டு வேலையையும் தாமே செய்திருப்பார் என்று காரைதீவுத் தோழி ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

அந்தத் தோழியின் ஊருக்கும் என் ஊருக்கும் இடையே உள்ள தூரம் சில நிமிட பஸ் பயணம்தான். எனினும் உயர்தரம் வரும்வரை அவ்வூர்ப் பிள்ளை ஒருத்தியுடன் நான் அமர்ந்து பேசியதில்லை. யுத்த காலத்தில் இந்தக் கரையோரத்தில் இரு சமூகத்தாரும் உயிர்களையும் வீடுகளையும் இழந்தார்கள். அதை அனுபவித்த பெற்றோரின் தயக்கத்தை நாங்கள் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தயக்கத்தை அடுத்த தலைமுறைக்கும் கையளிக்க வேண்டுமா என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரே மேசையில் ஒரு கவிஞரின் எழுத்துப் பிழைகளைத் திருத்திய அந்தச் சில சனிக்கிழமைகள் எனக்கு அதைக் கற்றுத் தந்தன.

வாப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் உண்டு. மெதடிஸ்த பாடசாலையில் படித்து, கத்தோலிக்கக் கல்லூரிகளில் படிப்பித்து, இந்துப் பாடசாலைகளைக் கட்டியெழுப்பி, முஸ்லிம் மாணவரும் அமர்ந்திருந்த பல்கலைக்கழக வகுப்பில் தமிழ் கற்பித்தவர் விபுலாநந்தர். அவருக்கு மற்றவர் பாடசாலை என்று ஒன்று இருக்கவில்லை. அப்படிப்பட்டவரை மற்றவரின் கவிஞர் என்று நாங்கள் மட்டும் எப்படி ஒதுக்கிவிட முடியும்? நம் புலவர்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். எங்கள் மூன்று பாடசாலைகளும் அடுத்ததாக ஒரு முஸ்லிம் புலவரின் வாழ்க்கையைத் தொகுக்க முடிவு செய்துள்ளன. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் காரைதீவு மாணவிகள் தாமாகவே கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள்.

இக்கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை வாப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறுதிவரை வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, காரைதீவுக்குத் தாமே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். சந்தியில் வண்டியை நிறுத்தி, சிலையின் கீழே எழுதியிருந்ததைச் சிறிது நேரம் நின்று வாசித்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்.